ஒரு பிள்ளையின் படிப்புக்கு எவ்வளவு?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பிள்ளைக்குப் போதுமான கல்வி தர ஆண்டுக்கு என்ன செலவாகும்? அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இந்தக் கேள்விக்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றப் படியேறி வருகிறார்கள்.

அங்கே சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. பொது விற்பனை வரியும் கிடையாது. பள்ளிச் செலவின் பெரும்பாரம் அந்தந்த ஊரின் சொத்து வரி மேல்தான் விழுகிறது. 1994-95 கல்வியாண்டில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஆயிரம் டாலர் மதிப்புள்ள சொத்துக்கு 25 டாலர் 26 சென்ட் வரி. ஏரிக்கரை வீடுகளால் சொத்து மதிப்பு உயர்ந்த மோல்டன்பரோவில் வெறும் 5 டாலர் 56 சென்ட். இல்லாத ஊர் நான்கு மடங்குக்கு மேல் வரி கட்ட வேண்டியிருந்தது!

கிளேர்மான்ட் என்ற பழைய ஆலை நகரமும் வேறு சில ஊர்களும் வழக்குத் தொடுத்தன. போதுமான கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று 1993இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான பணத்தையும் மாநிலமே தர வேண்டும், அதற்கு வாங்கும் வரி ஊருக்கு ஊர் மாறக் கூடாது என்று 1997இல் தீர்ப்பளித்தது. கடமை முடிவாகிவிட்டது. தொகை? அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

2008இல் சட்டமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து, ஒரு மாணவருக்கு அடிப்படைச் செலவு 3,450 டாலர் என்று கணக்குப் போட்டது. அந்தக் கணக்கின் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். சின்ன வகுப்புகளில் 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், மூன்றாம் வகுப்பு முதல் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தார்கள். ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர் இருக்கலாம் என்று விதி சொல்லும் எண்ணிக்கை அது. உதாரணத்துக்கு, ஓர் ஆசிரியருக்குச் சம்பளமும் சலுகைகளும் சேர்த்து 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முப்பதால் வகுத்தால் தலைக்கு 2,000. வகுப்பில் உண்மையில் இருப்பது இருபது பிள்ளைகள் என்றால் தலைக்கு 3,000. மலைக் கிராமத்துப் பள்ளியில் பன்னிரண்டே பேர் என்றாலும் ஆசிரியர் ஒருவர் வேண்டுமே! அப்போது 5,000. ஆசிரியரும் அவரே, சம்பளமும் அதே. வகுக்கும் எண்ணை மாற்றினால் போதும், மாநிலத்தின் பங்கு சுருங்கிவிடுகிறது. அந்தக் கணக்கில் பள்ளிச் செவிலியர் இல்லை, பல பள்ளிகளைச் சேர்த்து நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் இல்லை. இவர்கள் இல்லாமல் எந்தப் பள்ளி நடக்கும்? கணக்கில் விடுபட்ட ஒவ்வொன்றும் ஊரின் வரிச்சீட்டில் வந்து சேர்ந்தது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. முதலில் கொடுக்க மனமுள்ள தொகையை முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கேற்பப் பிள்ளையின் தேவைகளைக் குறைப்பது கணக்கே அல்ல.

2019இல் கான்டூகுக் பள்ளத்தாக்குப் பள்ளி மாவட்டம் மீண்டும் வழக்குத் தொடுத்தது. 2023 நவம்பரில் கீழமை நீதிமன்ற நீதிபதி டேவிட் ரூஆஃப் செலவினங்களை ஒவ்வொன்றாக அலசிப் பார்த்தார். அப்போது மாநிலம் கொடுத்துவந்த அடிப்படைத் தொகை 4,100 டாலர். மிகச் சிக்கனமாகப் போட்டாலும் 7,356 டாலர் 1 சென்ட்டுக்குக் குறையக் கூடாது என்றார். அந்த மாநிலத்துப் பள்ளிகள் ஒரு மாணவருக்கு உண்மையில் செலவழிப்பதோ சராசரியாக 20,000 டாலரை ஒட்டி. நீதிபதி கேட்டது அதில் பாதிகூட இல்லை.

2025 ஜூலை 1 அன்று மாநில உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அப்போதைய தொகை அரசியலமைப்புக்கு முரணானது என்று உறுதிசெய்தது. ஆனால் உடனே கூடுதல் பணம் கொடு என்ற கீழமை நீதிமன்ற ஆணையை ரத்து செய்துவிட்டு, பொறுப்பைச் சட்டமன்றத்திடமும் ஆளுநரிடமும் விட்டது.

அவர்கள் அடுத்த கணக்கைப் போடும்போது பள்ளிகளின் உண்மையான வரவு செலவு ஏடுகளிலிருந்து தொடங்கட்டும். வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுக்கட்டும். செவிலியரின் சம்பளத்தையும் சேர்க்கட்டும். அப்படி வரும் தொகை எவ்வளவு பெரிதானாலும், அதை வெளிப்படையாக மக்கள் முன் வைத்த பிறகு வரியைப் பற்றிப் பேசட்டும்.

நன்றி, வணக்கம்.