200 ரூபாய்க் கணக்கு

(தேசிய அறிவியல் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

பிப்ரவரி 28 வந்துவிட்டால் மேடைதோறும் ஒரு கதை உலவும். சர் சி.வி. ராமன் வெறும் 200 ரூபாய்க் கருவியை வைத்துக்கொண்டு நோபல் பரிசு வாங்கினார் என்பார்கள். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்ற அவருடைய கண்டுபிடிப்பைத்தான் ராமன் விளைவு என்கிறோம். வகுப்பறையில் நானும் இதைச் சொல்லிப் பல ஆண்டுகள் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இப்போது கேட்டால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருப்பவர் யாராவது இதை நம்பித் தொலைத்தால் என்ன ஆவது?

கணக்கை முழுதாக எழுதிப் பார்ப்போம்.

கல்கத்தாவில் பௌபஜார் தெரு, 210ஆம் எண். அங்கே இயங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை 1876இல் தொடங்கியவர் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர். செல்வர்களிடமும் மன்னர்களிடமும் நன்கொடை கேட்டுக் கேட்டு அதை வளர்த்தார். விஜயநகரம் மகாராஜாவின் கொடையில் ஆய்வுக்கூடமும் வந்தது. ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் வரவில்லை. அந்த ஏமாற்றத்தோடு 1904இல் சர்க்கார் கண்மூடினார்.

மூன்றே ஆண்டுகள் கழித்து, நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்த பதினெட்டு வயது ராமன், டிராமில் போகும்போது அந்தக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். அதன்பின் விடியலில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மறுபடி ஆய்வுக்கூடம். 1917இல் அரசு வேலையை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். அந்தப் பதவியும் தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞர் எழுதிவைத்த சொத்தில் உருவானதுதான். 200 ரூபாய்க்கு அடியில் எத்தனை பேருடைய பணம் கிடக்கிறது, பார்த்தீர்களா?

உழைப்பையும் சேர்க்க வேண்டும். 1923இல் ராமனின் மாணவர் கே.ஆர். ராமநாதன் நீரில் சிதறிய ஒளியில் ஒரு மங்கலான வேற்று நிற ஒளியைக் கண்டார். அழுக்கின் வேலையாக இருக்கும் என்று நீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பார்த்தார், அது போகவில்லை. பின்னர் ராமனின் குழுவைச் சேர்ந்த வெங்கடேஸ்வரன் தூய கிளிசரினில் நீலத்தை எதிர்பார்த்த இடத்தில் பச்சையைக் கண்டார். 1928 பிப்ரவரியில் ராமனின் இன்னொரு மாணவர், நம் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன் திரவம் திரவமாகச் சோதித்தார். ஏறத்தாழ அறுபது திரவங்கள். எல்லாவற்றிலும் அந்த ஒளி இருந்தது. பரிசு ராமன் ஒருவருக்கே போனது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

இனி, யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு: தபால்தலை. பிப்ரவரி 28இல் ஒளியைப் பிரித்துப் பார்த்த மறுநாளே ராமன் செய்தியை வெளியிட்டார். மார்ச் 16இல் பெங்களூரில் உரை. அந்த உரையை, இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாமே தொடங்கிய இந்திய இயற்பியல் இதழில் மாத முடிவுக்குள் அச்சிட்டு, ஆயிரக்கணக்கான பிரதிகளை உலகெங்கும் இருந்த இயற்பியலாளர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார். லண்டனிலிருந்து வரும் இதழுக்கு மட்டும் காத்திருக்கும் ஆள் அல்லர் அவர்.

இந்த அவசரம் வீண் பதற்றம் இல்லை. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். அவர்கள் குறிப்பிடும் தேதி பிப்ரவரி 21. ராமனுக்கு ஒரு வாரம் முன்பு! ஆனால் அவர்களுடைய கட்டுரை ஜெர்மானிய இதழில் அச்சேறியபோது ஜூலை ஆகிவிட்டது. ராமன் விவரித்த நிகழ்வும் தாங்கள் கண்டதும் எவ்வளவு தூரம் ஒன்று என்று இப்போது சொல்வதற்கில்லை, அவர் எழுதியது மிகச் சுருக்கமாக இருக்கிறது என்று அந்தக் கட்டுரையிலேயே அவர்கள் எழுத வேண்டியிருந்தது.