ஆய்வைப் புதிதாக்குவது கேள்வியே

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம்.

'இலக்கியம், வரலாறு, மொழியியல் முதலான மானுடத் துறைகளில் ஆய்வைப் புதிதாக்குவது புதிய கருவியா, புதிய கேள்வியா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கணினி, ஊடுகதிர்ப் (எக்ஸ்ரே) படம், செயற்கை நுண்ணறிவு என்று அடுக்கிவிட்டு, 'இவை வரும்வரை இலக்கிய ஆய்வு உரைக்கு உரை எழுதிக்கொண்டிருந்தது' என்று முடித்தார். அவர் தம் வாதத்துக்கு வலுவான சான்றாகக் காட்டிய ஒன்றையே நானும் எடுத்துக்கொள்கிறேன். 'ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர் யார் என்று கணினிதானே கண்டுபிடித்தது?' என்று கேட்டார். அந்தக் கதையை அவர் பாதியிலிருந்து தொடங்கினார். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அமெரிக்க அரசியலமைப்பை ஏற்குமாறு மக்களிடம் வாதாடி, 1787, 1788ஆம் ஆண்டுகளில் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. அலெக்சாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் அவற்றை எழுதினார்கள். அவற்றுள் 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா, மேடிசனா என்ற வழக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகத் தீரவில்லை. 1941இல் ஃபிரெடரிக் மாஸ்டெல்லர் என்ற புள்ளியியலாளரும் ஃபிரெடரிக் வில்லியம்ஸும் இந்த வழக்கை எண்களால் தீர்த்துவிடலாம் என்று இறங்கி, இருவருடைய வாக்கிய நீளத்தையும் சொல் சொல்லாக எண்ணினார்கள். ஹாமில்டனின் வாக்கியத்துக்குச் சராசரி 34.55 சொற்கள், மேடிசனுக்கு 34.59. அவையோர் கவனிக்க வேண்டும்: எண்ணிக்கையில் பிழையில்லை, உழைப்பில் குறையில்லை, முறையும் அன்றைக்குப் புதியது. ஆனால் அத்தனை உழைப்புக்கும் கிடைத்தது, இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாத ஒரு சராசரி. ஆய்வு அங்கேயே படுத்துவிட்டது.

அதை எழுப்பியது எது? 1959இல் வந்த ஒரு கடிதம். டக்ளஸ் அடேர் என்ற வரலாற்றாசிரியர், 'ஹாமில்டன் எழுதும்போது வைல் (while) என்கிறார். அதே பொருளில் மேடிசன் வைல்ஸ்ட் (whilst) என்கிறார்' என்று மாஸ்டெல்லருக்கு எழுதினார். இருவருடைய எழுத்தையும் திரும்பத் திரும்பப் படித்தவரின் கண்ணில் பட்ட வேறுபாடு அது. அதன்பின் கேள்வியே மாறியது. எழுதுபவர் அறிந்து தேர்ந்தெடுக்கும் பெரிய சொற்களையும் வாக்கிய அமைப்பையும் விட்டுவிட்டு, அவர் அறியாமலே கையில் வந்து விழும் சின்னஞ்சிறு இடைச்சொற்கள் என்ன சொல்கின்றன என்று மாஸ்டெல்லரும் டேவிட் வாலஸும் கேட்கத் தொடங்கினார்கள். 'அப்பான்' (upon) என்ற ஓர் ஆங்கிலச் சொல்லே பெரும் சாட்சியாயிற்று: ஹாமில்டன் அதை ஆயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ மூன்று முறை எழுதுகிறார், மேடிசனிடம் அது அரிதாகவே தலைகாட்டுகிறது. 1964இல் வெளியான அவர்களது நூல், சிக்கலுக்குரிய கட்டுரைகளை மேடிசன் பக்கம் சேர்த்தது.

கணக்கீட்டுக்குக் கணினி உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சொற்களை எண்ணிய விதம் எப்படி இருந்தது தெரியுமா? வரிக்கு ஒரு சொல்லாக நீளமான காகித நாடாவில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு சொல்லையும் துண்டாக வெட்டி, அகர வரிசையில் அடுக்கினார்கள். அடுக்கிய துண்டுகளுக்கு அருகில் யாராவது ஆழமாக ஒரு மூச்சு விட்டால் போதும், எல்லாம் பறந்துவிடும். மூச்சு விட்டவர் நிரந்தரப் பகைவராகிவிடுவார் என்று மாஸ்டெல்லரே பின்னாளில் வேடிக்கையாக நினைவுகூர்ந்தார். எதிரணி நண்பர் போற்றும் புரட்சி, கத்தரிக்கோலும் காகிதத் துண்டுமாகத்தான் நடந்தது.

நம் மொழியிலும் இதற்குச் சான்று உண்டு. மதுரைப் பக்கத்துக் குன்றுகளில் முனிவர்களின் கற்படுக்கைகளை ஒட்டிப் பொறிக்கப்பட்ட குகைக் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். பண்டைய இந்திய எழுத்தான பிராமியின் பூட்டை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே திறந்துவிட்டார். மாங்குளத்துக் கல்வெட்டு 1882இல் கண்டறியப்பட்டது. எழுத்து தெரியும், கல் கிடைத்தது, கல்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுக்கவும் தெரியும், கருவியில் குறையொன்றுமில்லை. ஆயினும் பொருள் பிடிபடவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இவை ஏன் தமிழாக இருக்கக்கூடாது என்ற நோக்கில் அணுகினார். வடமொழிக்குத் தேவையான, அதிர்ந்தும் மூச்சோடும் ஒலிக்கும் வர்க்க எழுத்துகள் இங்கே இல்லாததும், ழ, ள, ற, ன என்னும் ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இருப்பதும் அப்போதுதான் சான்றுகளாகத் தெரிந்தன. அதே கல், அதே மைப்படி.

எதிரணியின் அடுத்த பேச்சாளர், இத்தாலியின் பண்டைய நகரமான ஹெர்குலேனியத்தில் கிடைத்த சுருள்களோடு வருவார் என்று எதிர்பார்க்கிறேன்; அதையும் இப்போதே பார்த்துவிடலாம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய கடும் வெப்பத்தில் கரியாகிப்போன அந்தப் பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களை விரித்தால் பொடியாகிவிடும். அவற்றில் ஒன்றை விரிக்காமலே, ஊடுகதிர்ப் படத்தையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டு, 2023 அக்டோபரில் 'ஊதா' என்று பொருள்படும் ஒரு கிரேக்கச் சொல்லைப் படித்தார்கள். அடுத்த பிப்ரவரிக்குள் 2,000 எழுத்துகளுக்கு மேல் படித்துவிட்டார்கள். கருவி இல்லாமல் இது முடிந்திருக்காது. இந்த ஒரு புள்ளியை எதிரணிக்கு மனமார விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மை இருக்கும் இடத்தில் எதைத் தேடுவது என்று அந்தக் கருவிக்கு எப்படித் தெரிந்தது? கேசி ஹேண்ட்மர் என்பவர் அந்தப் படங்களை நெடுநேரம் வெறும் கண்ணால் பார்த்துப் பார்த்து, காய்ந்து வெடித்த சேறு போன்ற ஒரு தடத்தை இனங்கண்டார். அந்தத் தடத்தைக் காட்டித்தான் இயந்திரத்தைப் பழக்கினார்கள். இயந்திரம் மையைக் காட்டிய பிறகும், அது எந்தச் சொல் என்று உறுதிசெய்தவர்கள் பாப்பிரஸ் அறிஞர்களே.

அண்மையில் ஓர் ஆய்வரங்கில் அமர்ந்திருந்தேன். காதல் பாடல்களின் பெருந்தொகுப்பு ஒன்றை மென்பொருளில் இட்டு, மிகுதியாக வரும் சொல் 'நெஞ்சு' என்று ஓர் இளைஞர் வண்ணப்படம் காட்டினார். 'அதனால் தெரிவது என்ன, தம்பி?' என்று முதிய பேராசிரியர் ஒருவர் கனிவோடுதான் கேட்டார். 'மென்பொருள் அப்படிக் காட்டுகிறது, ஐயா' என்று பதில் வந்தது. அரங்கு சிரித்தது, நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த இளைஞரின் உழைப்பு உண்மையானது. ஹாமில்டனுக்கு 34.55, மேடிசனுக்கு 34.59 என்று கண்டவர்களின் உழைப்பைப் போன்றதுதான் அதுவும்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். எதிரணித் தலைவருக்கு ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். காகிதத் துண்டை வெட்டி எண்ணும் அந்த வேலையில், 1941இல் மாஸ்டெல்லரின் கையில் இல்லாமல் போன கருவி எது?