காணிக்காரரும் காணியும்

அவையோர்க்கு வணக்கம். காணி என்ற சொல்லுக்கு நிலம் என்றும், வழிவழியாக வரும் நிலவுரிமை என்றும் நம் மொழியில் பொருள் உண்டு. (காணிக்காரர் என்ற பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சியைப் புலவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.) குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை மலைகளில் அந்தப் பெயரோடு வாழும் பழங்குடியினர், தாம் மரச்சீனி நட்ட மண் தமக்குரியது என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

1906-இல் பேச்சிப்பாறை அணை எழும்பியது. நாஞ்சில் நாட்டு வயல்கள் விளைந்தன. மலைக்குடியிருப்புகள் சிலவற்றுக்கோ இன்றும் படகில்தான் போகவேண்டும். பிறகு காட்டு நிலத்தில் அரசே ரப்பர் வைத்தது. அதற்காக 1984-இல் ஒரு கழகமும் அமைத்தது. 2008-இல் அம்மாவட்டத்துக் காட்டில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. வரிசையாக ரப்பர் நட்ட கை, காட்டுக்குள் வாழ்ந்தவனைப் பார்த்து ‘காட்டைக் கெடுக்காதே’ என்று விரல் நீட்டுவதை நான் நியாயமாகக் கருதவில்லை.

அந்த 2008 பிறப்பதற்கு முந்தைய நாளில், 2007 டிசம்பர் 31-இல்தான் வன உரிமைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. நாம் அதைத் தனிப்பட்டா தரும் சட்டமாக மட்டுமே பார்க்கிறோம். குடும்பத்துக்கு 4 ஹெக்டேருக்கு மிகாமல் நிலம் என்பது அதன் ஒரு பகுதி; வழிவழியாகக் காத்துவந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்கே உரிமை உண்டு என்பது அதனினும் பெரிய பகுதி. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோலிகர் என்னும் பழங்குடியினரின் கிராம சபைகள் 2011-இல் சமூக வன உரிமை பெற்றன. நியூசிலாந்தில் 1954 முதல் தேசியப் பூங்காவாக இருந்த தே உரேவேரா காடு, 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தத் தகுதி நீங்கி, தானே சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாயிற்று. அதன் வாரியத்தின் 9 இடங்களில் 6 இடங்களுக்கு உறுப்பினரை நியமிப்பவர்கள் இப்போது அந்தக் காட்டின் பூர்வகுடிகளான துஹோய் மக்கள். பாதுகாப்பு என்ற நோக்கம் அங்கே கைவிடப்படவில்லை, காவலர்தான் மாறினார்.

2030-க்குள் பூமியின் 30 விழுக்காட்டைக் காப்பதென்று 2022-இல் உலக நாடுகள் உடன்பட்டன. பரப்பை அளப்பது எளிது. அதற்குள் யாருக்கு என்ன உரிமை என்பதையும் சேர்த்து அளந்தாலன்றி அந்த இலக்கை நான் இலக்காக ஏற்கமாட்டேன்.

கோதையாற்றுக்கு மேலே ஒரு பாட்டாவிடம் எல்லை எது என்று கேட்டேன். வரைபடத்தைத் திரும்பியும் பாராமல் ஓர் அயனி மரத்தைக் காட்டினார். பிறகு ஓர் ஊற்று. பிறகு முன்னோரைப் புதைத்த மேடு. இடுகாடும் முதியோர் வாக்குமூலமும் சான்றாகும் என்று சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. ஆனால் அன்றுவரை அவர் சொன்னதை எவரும் எழுதிவாங்கவில்லை. நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அதற்குச் சட்ட மதிப்பு ஏதும் இல்லை.