தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம்

நேயர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரி ஒன்றில் 22 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். அதில் 9 ஆண்டுகள் ஆண்கள் விடுதியில் துணை வார்டனாகவும் இருந்தேன். போதைப் பழக்கம், செல்போன் மோகம், மன அழுத்தம் என்று மூன்று விஷயங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். விடுதிக்குள் இருந்து பார்த்தவனுக்கு இவை மூன்றாகத் தெரிவதில்லை, ஒரு பையனின் ஒரே ராத்திரியாகத்தான் தெரிகிறது. அந்த ராத்திரியையே சொல்லிவிடுகிறேன்.

நவம்பர் மாதம். செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் பத்து நாள். இரவு இரண்டரை மணிக்கு ஒரு சுற்று பார்க்கலாமென்று மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலடியில் மெஸ்ஸிலிருந்து எடுத்து வந்த டம்ளர், அதில் பாதித் தண்ணீர், தண்ணீரில் ஊறிக்கொண்டு ஆறு சிகரெட் துண்டுகள். போனில் யாரோ ஒருவர் பரோட்டா வீசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவன் டம்ளரை மறைக்கவில்லை. போனைத்தான் சட்டென்று கவிழ்த்து வைத்தான்.

"ஏம்ப்பா, தூக்கம் வரலையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"படுத்தா அரியர் ஞாபகம் வருது சார். இதைப் பாத்துட்டிருந்தா வரல" என்றான்.

மாணவர்களின் செல்போன் பழக்கத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவன் பரோட்டாவுக்காகப் பார்க்கவில்லை. பரோட்டா முடிந்தால் நாய்க்குட்டி, அது முடிந்தால் கிரிக்கெட், அதற்குப் பிறகு ஏதோ ஒரு சண்டை. எது வந்தாலும் சரி, நிற்காமல் வர வேண்டும். விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் இந்த ஏற்பாட்டை 2006-இல் ஆசா ரஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். முன்பெல்லாம் பக்கம் முடியும், அடுத்த பக்கத்தைத் தட்டவேண்டும், அந்த ஒரு நொடியில் 'சரி, போதும்' என்று தோன்றும். அந்த நொடியே இப்போது கிடையாது. உளவியலில் ஸ்கின்னர் என்பவர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துவந்த புறா, தானியம் நின்றுபோனால் சீக்கிரமே விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் பழகிய புறா, கிடைக்காவிட்டாலும் கொத்திக்கொண்டே இருக்கும். நல்ல வீடியோ ஒன்று, சுமாரானது ஐந்து என்று கலந்து வருகிற ரீல்ஸும் அதே கணக்கில்தான் ஆளைப் பிடித்து வைக்கிறது.

இது நோயா என்று பெற்றோர் கேட்கிறார்கள். எல்லை மீறிய வீடியோ கேம் விளையாட்டை உலக சுகாதார அமைப்பு தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. இணைய அடிமைத்தனத்தை அளக்க கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் 1998-இல் வெளியிட்ட 20 கேள்விகளை இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். நான் மருத்துவன் இல்லை. அதனால் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: போனைக் கீழே வைத்தால் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது? பாதிப் பேர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள். மீதிப் பேர் அழுதுவிடுவார்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். பதினெட்டு, இருபது வயதில் உடம்பின் கடிகாரமே கொஞ்சம் தாமதமாகத்தான் ஓடும். பத்து மணிக்குத் தூக்கம் வராதது அந்த வயதின் குற்றமல்ல. அதன்மேல் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு காபி குடித்தால், அதன் வீரியத்தில் பாதி விடியற்காலை நான்கு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். டென்ஷன் குறைய என்று சிகரெட் பிடிக்கிறார்கள். நிகோட்டின் விழிக்க வைக்கும் பொருள். அப்புறம் தூக்கம் வராததற்கு மருந்து மாதிரி பக்கத்து அறையிலிருந்து கஞ்சா வருகிறது. முதலில் தூங்க வைக்கும், உண்மைதான். சில மாதம் கழித்து ஒருநாள் விட்டுப் பார்த்தால் தூக்கமே வராது, எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. 'பாத்தியா, எனக்கு இது மருந்துதான்' என்று பையன் முடிவு கட்டிவிடுவான். அது கஞ்சாவை நிறுத்தியதால் வந்த தூக்கமின்மை என்றும், பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும் என்றும் அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலை முதல் வகுப்பு போய்விடும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஹால் டிக்கெட் கிடைக்காது. இன்னொரு அரியர் சேரும். அன்று ராத்திரி படுத்தால் ஞாபகம் வர இன்னும் ஒரு காரணம் ஆயிற்று.

போதை என்றதும் நாம் எல்லாரும் கஞ்சாவைத்தான் பேசுகிறோம். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், 10 முதல் 75 வயது வரையிலானவர்களில் மது அருந்துவோர் 14.6 சதவீதம், கஞ்சாவும் பாங்கும் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம். விடுதியிலும் மதுதான் முதலிடம் என்பது என் அனுபவம். பிறந்தநாள் என்றால் மது, பிரேக்அப் என்றால் மது. உதட்டுக்கு உள்ளே ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் இருக்கிறது. புகை கிடையாது, வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். குட்காவுக்கு 2013-இலேயே தமிழ்நாட்டில் தடை வந்துவிட்டது. ஆனாலும் பெட்டிக்கடையில் தெரிந்த முகம் போய்க் கேட்டால் கிடைக்கிறது. வலி மாத்திரைகளைப் போதைக்காக வாங்குகிற கூட்டம் தனி. அது உயிருக்கே ஆபத்து.

இப்போது எனக்கு உறுத்துகிற விஷயத்தைச் சொல்லவேண்டும். வார்டனான முதல் மூன்று வருடம் நானும் ரூம் ரூமாகச் சோதனை போட்டேன். மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், பிடித்துக் கொடுத்தேன். இரண்டு பேர் டிசி வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு விடுதியில் பழக்கம் குறையவில்லை. என்னிடம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். சட்டம்கூட அப்படிச் செய்யவில்லை, தெரியுமா? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர், விற்பனைக்கு அல்லாமல் தன் உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்தவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அவர்மீது வழக்கு நடக்காது. சட்டம் திறந்து வைத்த கதவைக் கல்லூரியும் வீடும் சேர்ந்து சாத்தலாமா?

பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொண்ட சக பேராசிரியை சொல்வார்: "உங்க பசங்களாவது மொட்டைமாடிக்கு வர்றாங்க சார். எங்க பொண்ணுங்க போர்வைக்குள்ளயே இருக்காங்க." அரியர் என்று வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. சாப்பாட்டைக் குறைப்பது, தூக்க மாத்திரையைத் தோழியிடம் கேட்டு வாங்குவது என்று எல்லாமே சத்தமில்லாமல் நடக்கும். சத்தமில்லாததால் அங்கே ஒன்றும் இல்லை என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம்.

கேட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு ஒரு எண்: 14416. மத்திய அரசின் டெலிமானஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டரை மணிக்கும் எடுப்பார்கள். போதைப் பழக்கத்தை நிறுத்த உதவி வேண்டுமென்றால் 14446. அழைத்ததும் என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், 'தூக்கம் வரவில்லை' என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

அந்த மொட்டைமாடிப் பையன் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு என்னோடு நான்கு முறை வந்தான். சிகரெட்டை விட்டான், மறுபடி பிடித்தான், மறுபடி விட்டான். படிப்பை முடிக்க ஒரு வருடம் கூடுதலாக ஆனது. ஆனால் அவனுக்குத் தூக்கம் திரும்பியது மருந்தால் அல்ல. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த ராத்திரிக்கு அடுத்த நாளே, மத்தியானம் படுத்தவன் இருட்டும்வரை தூங்கினான்.

அன்று காலை என் அறையில் நடந்தது இது. முதலில் ஒரு தாளில் அரியர் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். ஏழு. மூன்று செமஸ்டராக வீட்டில் 'ஆல் கிளியர்' என்று சொல்லி வைத்திருக்கிறான். ராத்திரி அவன் கவிழ்த்து வைத்த போனில் இருந்தது அப்பா அனுப்பிய செய்தி: 'பீஸ் கட்டிட்டேன் கண்ணு. மார்க் சீட் வந்துச்சான்னு மாமா கேக்கறாரு.' நீங்களே சொல்லிவிடுங்கள் சார் என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீயே சொல்லு என்றேன்.

அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். போனில் முதலில் தறிச் சத்தம்தான் கேட்டது. இவன் பேச ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் மெல்லக் குறைந்தது, வெளியே வந்துவிட்டார் போல. "எத்தனை?" என்றார். "ஏழுப்பா." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பையனின் கை தாளின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தது.

"எப்ப எழுதலாம் அதெல்லாம்? பீஸ் எவ்வளவு?" என்றார்.

இவன் தாளைப் பார்த்து ஒவ்வொரு பாடமாகப் பெயரும் தேதியும் படித்தான். மறுமுனையில் அவர் எழுதிக்கொண்டே வந்தார். நான்காவது பாடத்தில், "இரு, பேனா எழுதல" என்றார். இவன் காத்திருந்தான்.

வணக்கம்.