கவ்வாத்துக் கத்தியும் லெப்டொப்பும்

வணக்கம். நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். வருஷா வருஷம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவார்கள். எந்தப் பீடம், எந்த ஊர், விடுதி கிடைக்குமா என்றெல்லாம் பேசி, தேத்தண்ணியும் குடித்து முடித்த பிறகும் சில பிள்ளைகள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மெல்ல வரும் அந்தக் கேள்வி. "டீச்சர், லெப்டொப் ஒன்னு வேணும். வீட்டுல எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியல."

இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பிள்ளைகளே, பக்கத்தில் அம்மா அப்பா இருந்தால் ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது.

நான் கெம்பஸ் போன காலத்தில் அம்மா தேயிலைக் கொழுந்து மலையில், அப்பா தேயிலைச் செடிகளைக் கத்தரித்துவிடும் கவ்வாத்துக் கொந்தரப்பில். 2016 ஒப்பந்தத்தின்படி தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை என்பதால் எனக்கு என்ன தேவை என்று நான் வாயே திறக்கவில்லை. "ஏதாவது ஒன்னு இருந்தா போதும்" என்றேன். கொழும்பில் கடையில் நின்ற மாமா 28 ஆயிரத்துக்கு ஒரு பழைய மெஷினைத் தேடிப் பிடித்து அனுப்பினார். ரேம், அதாவது மெஷின் வேலை செய்யும்போது பாவிக்கிற நினைவகம், 2 ஜீபிதான். பட்டனை அமர்த்திவிட்டு முகம் கழுவி, தலை சீவி வந்தால்தான் திரை முழுதாக வந்திருக்கும். முதல் வருஷம் கட்டுரை டைப் பண்ண அது போதுமாக இருந்தது. இரண்டாம் வருஷம் வரைபட மென்பொருள் படிக்க ஆரம்பித்ததும் படுத்துக்கொண்டது. ஆய்வு அறிக்கை ஒப்படைக்க நாலு நாள் இருக்கும்போது ஹார்ட் டிஸ்க் போனது. திருத்துகிறவர் மெஷினை என் காதருகே பிடித்தார். உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். மூன்று மாதம் நான் மலை மலையாக ஏறி எடுத்த அளவுகள் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள்தான் இருந்தன. இன்னொரு இடத்தில் பிரதி எடுத்து வைக்கவில்லை. திருத்தப் போட்ட காசையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 28 ஆயிரம், 41 ஆயிரம் ஆகியிருந்தது.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, இந்த முறை சரியாகக் கேட்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். முதல் நாள் ராத்திரி, ரேம் என்றால் என்ன, மெஷினின் மூளையான ப்ராசசர் என்றால் என்ன என்று அரை மணித்தியாலம் பேசினேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். விலையைச் சொன்னதும் அம்மா விரல் கணுக்களை எண்ண ஆரம்பித்தார். கொழுந்துக் கறை ஊறிக் கறுத்த பெருவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு எண்ணி, "தொண்ணூறாயிரம்னா நூத்தியெம்பது பேரு" என்றார். வேறொன்றும் பேசவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைதான் ஒரு பேர். நூற்றெண்பது நாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும், மழையிலும் அட்டைக்கடியிலும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அன்றைக்கு அத்தோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் ராத்திரி பேசாமல் காட்டினேன். தோழியின் லெப்டொப்பை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தேன். ஸ்தோப்பில் பாயை விரித்து, திருத்தி வந்த என்னுடைய மெஷினையும் அவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கள் பகுதி வரைபடத்தை இரண்டிலும் ஒரே நேரத்தில் திறந்தேன். அவளுடையதில் மலையும் ஓடையும் ரோட்டும் மளமளவென்று விழுந்தன. அப்பா குனிந்து பார்த்து, "இது நம்ம டேமுல்ல?" என்றார். மேல் கொத்மலை நீர்த்தேக்கம்தான். அதிலிருந்து விரலால் ரோட்டைப் பிடித்துக்கொண்டே வந்து எங்கள் டிவிஷனைக் கண்டுபிடித்துவிட்டார். என்னுடைய மெஷினில் இன்னமும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படிக்குப் போய், தண்ணி கொதிக்க வைத்து, சாயம் போட்டுக் கொண்டுவந்தார். அப்போதும் பாதிப் படம்தான் வந்திருந்தது.

அப்பா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "மொட்டக் கத்திய வச்சிக்கிட்டு கவ்வாத்து வெட்டினா கொப்பு பிளந்துபோகும். அப்புறம் அந்த மரம் சரியாத் தளுக்காது. கத்திக்குப் பாத்தா மரம் போயிரும்."

கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்பா தன் கத்தியை யாருக்கும் இரவல் கொடுக்க மாட்டார். வேலை முடிந்து வந்தால் அதைத் தீட்டித் துடைத்து வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். லெப்டொப்பை டிவி, போன் மாதிரி ஒரு சாமானாக எண்ணியிருந்தவர், வேலை செய்கிற ஆயுதமாக அதைப் பார்த்தது அந்த ராத்திரியில்தான். என்னுடைய அரை மணித்தியாலப் பேச்சால் முடியாத காரியம் அது.

அதனால் பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இதுதான்: கேட்கிறதுக்கு முன்னால் காட்டுங்கள். 'எல்லார்கிட்டயும் இருக்கு' என்று அடம் பிடிக்கிறதை விட, படிக்கப் போகிற வேலை எப்படிப்பட்டது, இருக்கிற மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். போனில் படிக்கிற பிள்ளையாக இருந்தால், நாற்பது பக்கக் கட்டுரையை அந்தச் சின்னத் திரையில் திருத்திக் காட்டுங்கள்.

அதற்கு முதலில் உங்களுக்கே என்ன வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிவுக் கடிதம் வந்த கையோடு கடைக்கு ஓடாதீர்கள். உங்கள் பீடத்தில் படிக்கிற அண்ணன் அக்காமாரைக் கேளுங்கள். கலைப் பீடத்தில் கட்டுரை, வாசிப்பு, சூம் வகுப்பு என்றால் 8 ஜீபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள நல்ல பாவித்த மெஷினே போதும். எஸ்.எஸ்.டி. என்பது உள்ளே சுழலும் தட்டு இல்லாத சேமிப்பு. மலை ரோட்டில் பஸ் குலுங்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கை விட அதுதான் தாங்கும், வேகமும் கூட. கணினி விஞ்ஞானம், பொறியியல் என்றால் கதை வேறு. 16 ஜீபி வரை கேட்கும், பின்னால் ரேம் கூட்டிக்கொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பொறியியல் படம் வரைகிற ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. என் பாடத்துக்கு வேண்டிய வரைபட மென்பொருள் கியூ.ஜி.ஐ.எஸ்., புள்ளிவிபரத்துக்கு ஆர் என்பவை எல்லாருக்குமே இலவசம். மென்பொருளுக்கு என்று வீட்டில் தனியாகக் காசு கேட்காதீர்கள்.

பாவித்த மெஷின் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மெஷினை இயக்குகிற மென்பொருளான விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெல் ப்ராசசர் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறாம், ஏழாம் தலைமுறையை வாங்கிக்கொண்டு வந்தால், நாலு வருஷப் படிப்புக்கு அது நின்று பிடிக்காது.

இனி பெற்றோருக்கு. "முந்தி அறுபது எழுபதாயிரத்துக்கு வாங்கினாங்களே, இந்தப் புள்ள ஒன்றரை லட்சம்ங்குது" என்று நினைக்கிறீர்கள். பிள்ளை பொய் சொல்லவில்லை. லெப்டொப் டொலருக்கு வருகிற சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360க்குப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவும் சீனியும் ஏறிய அதே காரணத்தால்தான் இதுவும் ஏறியது. இறங்கும்போது முழுதாக இறங்கவில்லை.

ஒன்றரை இலட்சம் சின்னக் காசு என்று நான் சொல்ல மாட்டேன். 2024 செப்டெம்பரில் வந்த 1350 ரூபா நாள் சம்பளத்தில் எண்ணினால் அது 111 பேர். மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால் அஞ்சரை மாத உழைப்பு, சோறு தண்ணி இல்லாமல். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு, ஒரு கொப்பித் தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். உங்களுக்கு அந்தப் பாரம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதே தாளில் உங்கள் பங்கையும் எழுதுங்கள். உயர்தரப் பரீட்சை முடிந்து கெம்பஸ் திறக்கும் வரை மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. லயத்துப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் வகுப்பு எடுக்கலாம். மகாபொல உதவித்தொகை கிடைத்தால் அதில் மாதம் இவ்வளவு திருப்பித் தருவேன் என்று எழுதலாம். ஆனால் முதல் காசு வரச் சுணங்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என்னுடைய தொண்ணூறாயிரம் அப்படித்தான் சேர்ந்தது. அம்மாவின் சீட்டு, கொழும்பில் இருந்த தம்பி அனுப்பியது, நான் மகாபொலவில் மிச்சம் பிடித்தது. அப்பா மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலைக்குப் போனார்.

வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வந்து வசூலிக்கும் நுண்கடனை மட்டும் இதற்காக எடுத்துவிடாதீர்கள். அந்தக் கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். தவணைக்குக் கொடுக்கிற கடை என்றால், மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வந்துவிடாமல், கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவசரமே இல்லாவிட்டால் முதல் அரையாண்டைப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் ஓட்டிவிட்டு, காசு சேர்ந்த பிறகு நல்லதாக வாங்குவது மேல்.

"வாங்கிக் குடுத்தா படம் பாப்பான்" என்கிற பயமும் உங்களுக்கு இருக்கிறது. பார்ப்பான்தான், கொஞ்சம். போனிலும் பார்க்கிறான். அவன் செய்த வேலையை வீட்டுக்கு வரும்போது திறந்து காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

மகளுக்கு வேறொரு பதில் சொல்கிறோம். அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. "பொம்பளப் புள்ளைக்குப் போன் போதும், தம்பிக்கு வாங்குவோம்." இதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத் தெரிவுக்கு வேண்டிய இசட் புள்ளி எடுத்து முதலில் கெம்பஸ் போனது அந்த மகள். விடுதியில் ராத்திரி பத்து மணிக்குத் தோழியின் லெப்டொப் எப்போது ஓயும் என்று காத்திருந்து, தோழி தூங்கிய பிறகு எழுதத் தொடங்குவதும் அவள்தான். கூச்சப்பட்டு உங்களிடம் சொல்ல மாட்டாள். நானும் சொல்லவில்லை.

வாங்கப் போகும்போது பிள்ளையோடு நீங்களும் போங்கள். பேச்சை அவனிடமோ அவளிடமோ விட்டுவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். கடையில் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் ஓட விடச் சொல்லுங்கள். பேட்டரி எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம். வீட்டுக்குக் கொண்டு வந்தால் அடுப்புப் புகை அண்டாத இடத்தில், தகரம் ஒழுகாத மூலையில் வையுங்கள். நம் பக்கத்து மூடுபனிக்கு அலுமாரிக்குள்ளேயே துணி பூசணம் பிடிக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற அந்தச் சின்ன ஈரம் உறிஞ்சும் பைகளை எறியாமல் லெப்டொப் பைக்குள் போட்டு வையுங்கள். இடி முழங்கத் தொடங்கினால் வயரைப் பிடுங்கிவிடுங்கள்.

கடைசியாக, பில். கடைகளில் இப்போது தருகிற வழவழப்பான பில் தாளில் எழுத்து நாளாக ஆக வெளுத்துப் போகும். உத்தரவாதம் கேட்டுப் போகும்போது வெறும் வெள்ளைத் தாள்தான் கையில் இருக்கும். கடையை விட்டு இறங்கும் முன் அங்கேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் போனிலும் ஒன்று, பிள்ளையின் போனிலும் ஒன்று.

நன்றி, வணக்கம்.