கிழக்கே வரும் பணம் மேற்கே தங்குகிறதா?

அவையோருக்கு வணக்கம். கடையை இரண்டு மணி நேரம் முன்னதாகவே சாத்திவிட்டு வந்திருக்கும் வணிகர்களுக்கும், மாடி அறைகளை மாணவர்களுக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் கூடுதல் வணக்கம். இன்றைய பேச்சு உங்கள் கல்லாவைப் பற்றியது.

சிதம்பரத்துக்குச் சோறு போடுவது நடராசர் கோயிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயில் கணக்கு ஆருத்ராவுக்கும் ஆனிக்கும் கூடும் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பல்கலைக்கழகக் கணக்கு அப்படித் தெரியாது. ரயில் பாதைக்குக் கிழக்கே எவ்வளவு பணம் இறங்குகிறது என்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அதில் எவ்வளவு பாதையைக் கடந்து இந்தப் பக்கம் வருகிறது, வந்தது எவ்வளவு நேரம் இங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை. வீராணம் ததும்பி நின்றாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்கிற ஊர் இது. பணத்துக்கும் அதே கேள்விதான்.

முதலில் இது எந்த வகைப் பல்கலைக்கழகம் என்று பார்ப்போம். 1920-இல் மீனாட்சி கல்லூரி தொடங்கியது. பிறகு அண்ணாமலை செட்டியார் தம் கல்லூரிகளோடு 20 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1928-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1929-இல் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றைக்கே இதை உறைவிடப் பல்கலைக்கழகமாகத்தான் அமைத்தார்கள். மற்ற பல பல்கலைக்கழகங்களுக்கு நூறு ஊர்களில் இணைப்புக் கல்லூரிகள். தலைமையிடத்தில் தேர்வு அலுவலகமும் சில துறைகளும் மட்டும் இருக்கும். இங்கே வகுப்பறை, விடுதி, ஆசிரியர் குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகம். கலை, அறிவியலோடு பொறியியல், வேளாண்மை, பல் மருத்துவம், மருத்துவம் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்தவையும் இதே மண்ணில்தான். ஆகவே வரவு முழுவதும் ஓர் இடத்தில் கொட்டியது. வரவு நின்றாலும் வலி ஓர் இடத்தில்தான். இந்த இரண்டாவது பாதியை 2012 வரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கொட்டுகிற பணத்தில் பெரிய பங்கு சம்பளம். மாணவர் கூட்டம் கண்ணை நிறைப்பதால் அதைப் பெரிதாக நினைக்கிறோம். ஆனால் மே மாதம் விடுதி காலியானாலும் சம்பளம் நிற்காது. அந்த மாதத்தில் மளிகைக் கடையைத் தாங்குவது அதுதான். அதிலும் ஒரு பிரிவு உண்டு. அண்ணாமலை நகரிலோ சிதம்பரத்திலோ குடியிருக்கும் ஆசிரியரின் சம்பளத்தில் பால், காய்கறி, வீட்டு வேலை, தையல், மருந்துக் கடை எல்லாம் இந்த ஊருக்கு. கடலூரிலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ தினம் வந்து போகிறவர் இங்கே விட்டுச் செல்வது காலைத் தேநீரும் மதியச் சாப்பாடும். ஒரே சம்பளம்தான், ஊருக்கு வருவது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பணியாளர் எத்தனை பேர் என்பதைவிட, ராத்திரி இங்கே படுத்து எழுகிறவர் எத்தனை பேர் என்பதே கணக்கு.

அடுத்தது மாணவர் செலவு. அறை எடுத்துத் தங்கும் ஒரு மாணவர் மாதம் 8,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள். உங்கள் தெருவின் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம். வாடகை 2,000, மெஸ் 3,500, தேநீர், சிற்றுண்டி 1,000, ஆட்டோ, பஸ் 500, செல்போன், ஆன்லைன் வாங்கல் 600, மற்றவை 400. வீட்டுக்காரர் ஊரிலேயே இருந்தால் வாடகையில் 1,800 தங்கும். மெஸ் பணத்தில் சமையல்காரர் கூலி, இலை, காய், பால், நடத்துபவரின் லாபம் ஆகியவை தங்கும். எண்ணெய், பருப்பு, சிலிண்டர் பணம் வெளியே போகும். பாதி, அதாவது 1,750 என்று வைக்கலாம். தேநீர்க் கடையில் 500, ஆட்டோவில் டீசல் போக 250, மற்றவற்றில் 100. செல்போன் ரீசார்ஜில் தங்குவது சில்லறை. ஆக மொத்தம் 4,400, நூற்றுக்கு 55.

ஜெராக்ஸ் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வு நேரத்துக் கூட்டத்தைப் பார்த்து, பணம் அங்கேதான் கொழிக்கிறது என்று நினைப்பார்கள். காகிதம், டோனர், இயந்திரத் தவணை மூன்றும் வெளியூருக்குப் போகும் பணம். ஊரில் மிஞ்சுவது ஒரு ஆள் கூலியும் மெல்லிய லாபமும். அதே கடையில் ஆய்வேடு பைண்டிங் செய்தால் கதை வேறு. அட்டை, துணி, பசை போக மீதி எல்லாம் கைவேலை. கூட்டத்துக்கும் வருமானத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

இப்போது அதே மாணவரை விடுதியில் வைத்துப் பாருங்கள். மெஸ் கட்டணம் விடுதிக் கணக்கில் கட்டப்படுகிறது. அரிசியும் பருப்பும் மொத்த டெண்டரில் வெளியூர் வியாபாரியிடமிருந்து வந்தால், ஊருக்கு எட்டுவது அவர் சட்டைப் பையில் இருக்கும் 1,500 ரூபாயில் ஓர் ஐந்நூறு. உறைவிடப் பல்கலைக்கழகம் ஊருக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

பொருளாதாரக்காரர்கள் இதற்கு மேலும் ஒரு படி போவார்கள். தங்கிய பணம் மறுபடி செலவாகிறது அல்லவா? அதைப் 'பெருக்கி' என்பார்கள். முதல் சுற்றில் 55 தங்கினாலும், வீட்டுக்காரர் அதைத் திரும்பச் செலவழிக்கும்போது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வங்கிக் கடன், பெரிய ஊர் நகைக்கடை என்று வெளியே போவது கூடும். எல்லாச் சுற்றுகளுக்கும் சராசரி 40 என்று வைப்போம். 100 ரூபாய் வந்தால் அடுத்த சுற்று 40, அதற்கடுத்தது 16, பிறகு 6.40 என்று தேய்ந்துகொண்டே போய், கூட்டினால் ஏறக்குறைய 167. தங்குவது 20 மட்டுமே என்றால் 125. இதில் ஒரு பொறி இருக்கிறது. 167 என்பது விற்றுமுதல், அதாவது கைமாறிய மொத்தப் பணம். ஊராரின் வருமானம் அதில், முதலில் வந்த 100 போக, ஊரில் தங்கிய 67 மட்டுமே. உலகம் முழுக்கப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் 'எங்களால் இத்தனை கோடி' அறிக்கைகளில், பெரிய எண்ணைத்தான் அட்டையில் போடுவது வழக்கம்.

அந்த அறிக்கைகளில் வேறு பிழைகளும் உண்டு. மாணவர் கட்டிய கட்டணத்தை ஒருமுறையும், அதே பணம் சம்பளமாக வெளியே வரும்போது இன்னொரு முறையும் எண்ணுவார்கள். உள்ளூர்ப் பிள்ளையின் செலவையும் சேர்ப்பார்கள். பல்கலைக்கழகம் இல்லாவிட்டாலும் புவனகிரிப் பையன் புவனகிரியில் சாப்பிட்டுத்தான் இருப்பான். அந்தச் செலவு பல்கலைக்கழகத்தால் வந்ததல்ல. ஆனால் அவன் வெளியூருக்குப் படிக்கப் போயிருப்பான் என்றால், போகாமல் நின்ற பணத்தை இந்தக் கணக்கில் எழுதலாம். கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த மாணவரின் செலவு முழுக்க புதுப் பணம். தமிழ்நாட்டில் மூலைக்கு மூலை பொறியியல் கல்லூரிகள் பெருகிய காலத்தில் ஊர் இழந்தது இந்த வகைப் பணத்தைத்தான்.

இனி 2012-க்கு வருகிறேன். 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி இந்த ஊருக்கு விசித்திரமான ஒரு வரம். மாணவர் எங்கோ இருப்பார். கட்டணம் இங்கே வரும். பாடநூல் அச்சு, விடைத்தாள் திருத்தம், அஞ்சல் வேலை எல்லாம் இங்கே நடக்கும். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்த பணம் சம்பளமாக மாறிச் சிதம்பரத்துக் கடைகளில் இறங்கியது. வரவைப் பார்த்துப் பணியாளர் எண்ணிக்கை தேவைக்கு மேல் பெருத்தது. சம்பளம் என்பது ஏறினால் இறங்காத செலவு. தொலைதூரக் கட்டணமோ ஆண்டுக்கு ஆண்டு மாறும் வரவு. இந்த இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டியதுதான் பிழை. 2012 இறுதியில் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்தது, போராட்டம் வெடித்தது, வளாகம் மூடப்பட்டது. 2013-இல் அரசு நிர்வாகியை அமர்த்தித் தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் கையில் எடுத்தது. பிறகு பணிநிரவல் என்று உபரிப் பணியாளர்கள் மாநிலமெங்கும் அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். 2014-15-க்குப் பிந்தைய தொலைநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது.

பணிநிரவல் ஊரை எப்படித் தொடும் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். வேலை போகவில்லை, சம்பளமும் போகவில்லை. ஆனால் சொந்த வீடு உள்ளவர் குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு வேறு மாவட்டத்தில் அறை எடுப்பார். ஒரு சம்பளம் இரண்டு ஊருக்குப் பிரியும். வாடகை வீட்டில் இருந்தவர் குடும்பத்தோடு காலி செய்வார். அரசின் கணக்கில் இழப்பே இல்லை. சிதம்பரத்து வீட்டுத் தரகரின் கணக்கில் இருக்கும்.

மருத்துவக் கல்லூரியில் நடந்தது இதற்கு நேர் எதிர். அது சுகாதாரத் துறைக்கு மாறி அரசுக் கல்லூரியானபோது, எம்பிபிஎஸ் கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் இருந்தது, அரசுக் கல்லூரிக் கட்டணமான 13,610 ரூபாய்க்கு இறங்கியது. ஊர் வருமானம் குறைந்துவிட்டதா? இல்லை. கட்டணம் ஊரின் பணமாக ஒருபோதும் இருந்ததில்லை. சம்பளமும் நோயாளிகளோடு வருபவர்களின் செலவும்தான் ஊரின் பணம். இந்த விஷயத்தில் வேலூரைப் பாருங்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள்; அவர்களுக்கென்றே லாட்ஜ், சொந்தமாகச் சமைத்துக்கொள்ள அறை, வங்காளச் சாப்பாடு, இந்திப் பலகை என்று தெருக்களே மாறியிருக்கின்றன. நாள் கணக்கில் தங்குபவரால் வரும் வருமானம் வேறு, வெளிநோயாளிச் சீட்டு வாங்கிச் சாயங்கால பஸ்ஸில் திரும்புபவரால் வருவது வேறு.

உள்ளாட்சிக் கணக்கு இன்னொரு சிக்கல். அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சியாக வளர்ந்தது. சிதம்பரம் நகராட்சி வேறு. தொழில்வரி வேலை செய்யும் இடத்து உள்ளாட்சிக்குப் போகும். அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவுப்படி அது ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக்கூடாது. முழு அளவு கட்டுகிற ஆயிரம் பேர் இடம் மாறினால் ஒரு பேரூராட்சிக்கு ஆண்டுக்கு 25 லட்சம் குறையும். அதே சமயம் மாணவர் கூட்டத்தின் குப்பையும், சாக்கடையும், நெரிசலும் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளுக்கு வந்தால் அதைச் சுமப்பது நகராட்சி. வரி ஒரு பக்கம், சுமை மறுபக்கம்.

வணிகர்கள் இங்கேதான் கேட்பார்கள், சரி, விடுதி டெண்டரில் நாங்கள் ஏன் நுழைய முடியவில்லை என்று. அரசுப் பல்கலைக்கழகக் கொள்முதல் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி நடக்கிறது. ஊர்க்காரர் என்பதற்காக யாருக்கும் சலுகை கேட்க முடியாது. கேட்டால் வழக்கில் நிற்காது. தடையாக இருப்பவை மூன்று: எல்லா விடுதிக்கும் எல்லாப் பொருளுக்கும் சேர்த்து ஒரே டெண்டர், சிறு கடைக்கு எட்டாத விற்றுமுதல் நிபந்தனையும் முன்வைப்புத் தொகையும், மாதக்கணக்கில் இழுக்கும் பில். ஆகவே கேட்க வேண்டியது, பொருள்வாரியாகப் பிரித்த டெண்டர். காய்கறி தனி, பால் தனி, அரிசி தனி, சலவை தனி. காய்கறிக்குத் தினமும் காலை வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தாலே தூரத்து வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது. பில் தாமதத்துக்கு 2006-ஆம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டம் கைகொடுக்கும்: 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. ஆனால் கவனியுங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தாலும், வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2021-இல் அவர்களைச் சேர்த்தபோது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் சேர்த்தார்கள். அச்சகம், சலவை, பழுதுபார்ப்பு, மாவு அரைத்துக் கொடுப்பவர் ஆகியோருக்கு உண்டு. மளிகை மண்டிக்கு இல்லை. பதிவுச் சான்றை மாட்டி வைத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்கும் மண்டிக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று. ஆண்டு வாடகை 20 லட்சத்தைத் தாண்டாதவருக்கு ஜிஎஸ்டி கவலை இல்லை. தாண்டி விடுதியாக நடத்துபவருக்கு 2024 ஜூலை முதல் விலக்கு உண்டு: ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்கினால். தொலைதூரக் கல்வியின் பத்து நாள் தொடர்பு வகுப்புக்கு வருபவருக்கு அறை கொடுத்தால் அந்த விலக்கு பொருந்தாது. அதோடு பன்னிரண்டு மாதச் செலவை ஒன்பது, பத்து மாத வருமானத்தில் ஈடுகட்ட வேண்டும் என்பதை வாடகை நிர்ணயிக்கும்போதே நினைவில் வைக்க வேண்டும். இதை மறந்து கடன் வாங்கி மூன்றாம் மாடி எழுப்பியவர்களுக்கு 2020 மார்ச் நினைவிருக்கும்.

அறிவால் வரும் பயனை இன்று தொடப் போவதில்லை. பறங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள கடல் உயிரியல் உயராய்வு மையத்துக்கும் சுற்றியுள்ள மீனவர், இறால் பண்ணைக்காரர்களுக்கும் உள்ள தொடர்பு மட்டுமே ஒரு மாலைப் பேச்சுக்குக் காணும்.

உங்கள் பங்கை நீங்களே அளக்கலாம், நிபுணர் வேண்டாம். ஒரே நாற்பது பக்க நோட்டு. விடுதி காலியாக இருக்கும் மே மாத இரண்டாம் வாரத்தில் ஏழு நாள் விற்பனை, பிறகு வகுப்பு நடக்கும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஏழு நாள் விற்பனை. திருவிழா, முகூர்த்தம் உள்ள வாரமாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கொள்முதல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் மாணவர்களின் பணம். அதில் வெளியூர்க் கொள்முதல் போக மீதி ஊரில் தங்கியது. ஐம்பது கடைகள் எழுதினால் போதும். அடுத்த டெண்டர் அறிவிப்புக்கு முன்னால் பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும்போது கையில் அந்த ஐம்பது நோட்டுகள் இருக்கட்டும்.