படகுக்கு முதல் நாளே சொல்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கு?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் கிடையாது. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு செய்கிறேன் என்று போன வீடியோவில் சொன்னேன். வெயிலே இல்லை, கருவாடு காயவில்லை, அது அப்புறம். புதன்கிழமையிலிருந்து ஒரு விஷயம் மனசை உறுத்திக்கொண்டே கிடக்கிறது.

சின்னவன் ராமேஸ்வரத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான், பாம்பனிலிருந்து வேனில் போவான், உங்களுக்குத் தெரியும். புதன்கிழமை கொட்டுகிற மழை. தங்கச்சிமடத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்கிறது, வேன் வராது என்று டிரைவர் அண்ணன் 7:15-க்கு போன் செய்தார். பள்ளி குரூப்பைப் பார்த்தேன், ஒரு செய்தியும் இல்லை. லீவு என்றால் போட்டிருப்பார்களே என்று ஆட்டோ பிடித்தேன். 350 ரூபாய். 300-க்கு வாங்கண்ணே என்றேன், மசியவில்லை.

போய் இறங்கினால் கேட் பூட்டியிருக்கிறது. "லீவும்மா, இப்பத்தான் சொன்னாக" என்றார் வாட்ச்மேன் ஐயா. அப்போதுதான் என் போனில் செய்தி வந்து விழுகிறது, 8:42-க்கு! இவனோ நோட்டு நனைந்துவிடும் என்று பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நிற்கிறான். ரெயின்கோட்டின் கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. திரும்பி வர 500. மொத்தம் 850 ரூபாய் மக்களே, வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாத நாளில்!

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அவர் ஏன் போகவில்லை? பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். துறைமுகத்தில் திடீர்க் காற்றும் மழையும் வரலாம் என்று அதற்கு அர்த்தம். செவ்வாய்க்கிழமை சாயந்திரமே, நாளைக்குப் படகுக்கு அனுமதி டோக்கன் கிடையாது, கடலுக்குப் போகக் கூடாது என்று மீன்வளத்துறையில் சொல்லிவிட்டார்கள். ராத்திரியே தெரிந்துவிட்டதால் ஐஸ் ஏற்றவில்லை, டீசல் போடவில்லை. படகுக்கு முதல் நாள் சாயந்திரம் சொல்ல முடிகிறது, பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் 8:42?

பெரிய மழை என்றால் ஆட்சியரே விடுமுறை அறிவிப்பார், டிவியில் ஓடும். சில நாள் மட்டும் தலைமை ஆசிரியர்களே நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். புதன்கிழமை அப்படிப்பட்ட நாள். இந்தத் தீவில் மழையைக் குறைத்து எடை போடவே கூடாது. 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. கொட்டியதே, மறக்க முடியுமா?

தங்கச்சி மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அவள் டீச்சர் மழை நாளில் காலை 6 மணிக்கே குரூப்பில் பேசி அனுப்புவார். "இன்னும் முடிவாகவில்லை, 6:45-க்குச் சொல்கிறேன், அதுவரை பிள்ளைகளைக் கிளப்ப வேண்டாம்." எனக்கு அந்த டீச்சரை அவ்வளவு பிடிக்கும். முடிவாகவில்லை என்பதைச் சொன்னால்கூடப் போதும், நாங்கள் உலையை வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்போம்.

இன்னொன்று, வியாழக்கிழமை பள்ளி இருந்தது. தண்ணீரில் ஊர்ந்து ஊர்ந்து வேன் 9:25-க்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லேட் என்று எட்டுப் பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஆகாது. வேன் மெதுவாக வந்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை நேராகப் போய் எச்.எம். மேடத்தைப் பார்த்தேன். உட்கார வைத்து முழுசாகக் கேட்டார், அதற்கே நன்றி சொல்ல வேண்டும். பாதி டீச்சர்கள் ராமநாதபுரம், மண்டபம் பக்கமிருந்து வருகிறவர்கள். காற்று பலமாக அடித்தால் பாம்பன் பாலத்தில் ஸ்கூட்டியே ஆடும். எத்தனை பேர் வந்து சேருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தோம் என்றார். நியாயம்தான். அப்படியென்றால் டீச்சர்களுக்கும் சேர்த்துத்தானே மேடம் சீக்கிரம் சொல்ல வேண்டும், அவர்களும் அந்தக் காற்றில் பாலம் ஏற வேண்டாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். இனி மழை நாளில் 6:30-க்குள் ஏதாவது ஒரு செய்தி வரும், வேன் பிள்ளைகளுக்கு லேட் போட மாட்டோம் என்று சொன்னார். விட்ட நாளுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைப்போம் என்றார். தாராளமாக வையுங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

இன்றைக்குத் திங்கட்கிழமை, விடியும்போதே தூறல். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்கிறேன். 6:28-க்கு வந்துவிட்டது! வீடே கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். "பள்ளி உண்டு. 10 மணிக்குத் தொடங்கும். வேன் 9 மணிக்கு வரும். ஷூ ஈரமாக இருந்தால் செருப்பு அணிந்து வரலாம்."

அந்த ஷூவுக்குள் நான்கு நாளாகப் பேப்பரைத் திணித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், இன்னும் காயவில்லை. செருப்போடுதான் போயிருக்கிறான்.